நாலாம் நம்பர்

அன்றைக்கு வந்திருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. ஒன்று, பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற வரதராஜன். இரண்டு, மருந்துக்கடை ரஹமத்துல்லா பாய். மூன்று, டிராயிங் மாஸ்டர் சம்பந்தம். நான்கு, டெய்லர் அந்தோணி. ஐந்து, கோழிப்பண்ணை கந்தசாமி. ஆறும் ஏழும் அண்ணன் தம்பி, நாச்சிமுத்து, சின்னமுத்து, தேங்காய் வியாபாரம். எட்டு, லைன்மேன் பழனியப்பன். ஒன்பது நான், ராக்கியப்பன். எல்லாரையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாலாம் நம்பரையும் ஐந்தாம் நம்பரையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். இதோ இருக்கிறது முள். வேலிக்காத்தான். இந்த வாய்க்கால் கரையில் இதுதான் ஒரு இம்சை. ஆட்டுக்காரர்கள் கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள், அது காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், நம் டயர் வருகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருக்கும். நீங்கள் கரையோரமாக வந்திருக்கிறீர்கள். ஓரமாக வரக் கூடாது. டயர் ஓடிய தடத்திலேயே வர வேண்டும். காற்றும் அதிகமாக அடித்திருக்கிறீர்கள். பரவாயில்லை, தெரியாமல் செய்ததுதானே. என்னிடம் பஞ்சர் ஒட்டப் பேட்ச்சும் இருக்கிறது, சொல்யூஷனும் இருக்கிறது. ஒன்பது பேருக்குமான சாமானையும் நான்தான் பையில் கொண்டுவருவேன். இன்னும் அப்படியேதான் கொண்டுவருகிறேன்.

நான் மில்லில் கோன் எண்ணிச் சாக்கில் போடும் வேலையில் இருந்தவன். நூல் சுற்றிய கோன். ஒரு சாக்கில் ஒன்று குறைந்தாலும் வாங்கியவன் திருப்பி அனுப்புவான். அதனால் எண்ணுவது எனக்குக் கையோடு வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மகன் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் நல்ல பெண். சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

அந்தோணிதான் என்னைக் கூப்பிட்டது. சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அளவெடுக்கும்போது கேட்டான், "ஏனுங்ணா, பொழுதுக்கும் ஊட்ல உக்காந்து செவுத்துல பல்லி எண்ணிட்டு இருக்கறீங்களா? ஞாயித்துக்கெழம காலைல சைக்கிள் எடுத்துட்டு வாங்க. நாங்க ஒரு எட்டுப் பேர் போறமுங்க."

"எங்கே போவீங்க?"

"எங்கயும் போகமாட்டமுங்க. போயிட்டு வருவோம்."

அப்படித்தான் போனேன். தம்பி, சைக்கிளில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எல்லாரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், மூச்சு வாங்குகிறது என்று நினைப்பார்கள். ஆரம்பத்தில் அந்தோணியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் போவோம். அவன் பேண்ட் தைப்பதைப் பற்றிப் பேசுவான். தொப்பை உள்ளவர்கள் அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்வது, அப்புறம் பட்டன் போட முடியவில்லை என்று சண்டைக்கு வருவது. நான் சிரிப்பேன். நான் சிரித்து என் மகன் பார்த்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நேராக நம் மார்பில் கை வைத்துத் தள்ளும். மேற்கே போகும்போது மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கும். வாயைத் திறந்தால் தென்னை நார்த் தூசி உள்ளே போகும். நார் களத்து நாய்கள் வேறு, நாம் மெதுவாகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் துரத்தும். ஆனால் திரும்பி வரும்போது பாருங்கள், காலை எடுத்துவிடலாம். சட்டை முன்பக்கம் உப்பிக்கொள்ளும். தென்னந்தோப்பு இரண்டு பக்கமும் ஓடும். வாய்க்கால் தண்ணீரும் நாமும் ஒரே வேகத்தில் போவோம். கந்தசாமி பெல்லிலேயே தாளம் போடுவான், ரெண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. ஒன்பது பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வருவோம். அதற்காகத்தான் போகும்போது படுகிற பாடெல்லாம்.

அதனால் போவது எதிர்காற்றில், வருவது பின்காற்றில் என்று நான் ஒரு முறை வைத்தேன். வரதராஜனுக்கு அது பிடிக்காது. "ஒரு நாளாச்சும் கெழக்கப் போலாமுங்க ராக்கியப்பன், அந்தப் பக்கமும் ஊர் இருக்குது" என்பார். கிழக்கே போனால் திரும்பும்போது களைத்த உடம்போடு எதிர்காற்றில் வர வேண்டும். கணக்கு சரியாக வராது. நான் சொன்னதற்கு அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. சரியானதைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஆள் எண்ணும் முறையையும் நான்தான் கொண்டுவந்தேன். கடைசியில் வருபவன் நான். ஒவ்வொரு திருப்பத்திலும் "ஆள்" என்று சத்தம் கொடுப்பேன். முன்னாலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். நான் ஒன்பது சொன்னால் வண்டி நகரலாம். ஒரு நம்பர் விழாவிட்டால் எல்லாரும் நிற்க வேண்டும். யாரும் பின்தங்கிப்போய்த் தனியாக விழுந்து கிடக்கக் கூடாது பாருங்கள். வயசானவர்கள்.

கந்தசாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏனுங் மாமா, நாங்க என்ன பட்டி ஆடுங்களா?" என்று கேட்டான் ஒரு நாள். இன்னொரு நாள் நான் ஒன்பது சொன்ன பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு "பத்து" என்றான். நான் எல்லாரையும் நிறுத்தி மூன்று தடவை எண்ணினேன். எல்லாரும் சைக்கிள் மேல் கவிழ்ந்து சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் மூன்றாவது தடவை எண்ணி முடித்த பிறகுதான் சிரித்தேன்.

மணி பார்க்காதீர்கள் தம்பி. சொல்யூஷன் காய வேண்டும். காயாமல் ஒட்டினால் அரை மைலில் பிடுங்கிக்கொள்ளும்.

அந்தோணிக்குச் சர்க்கரை. அவன் மனைவி லூர்து மேரி அதற்காகத்தான் அவனைச் சைக்கிளில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் அவன் இந்தக் கல்பாலம் மேட்டில் இறங்கித் தள்ளுவான். எல்லாரும் மேலே போய்க் காத்திருப்போம். நான் சும்மா இருக்காமல், "இன்றைக்கு நாலாம் நம்பருக்காக எட்டுப் பேர் நின்றோம்" என்று கணக்கைச் சொல்வேன். குத்திக்காட்ட அல்ல. கணக்கு, அவ்வளவுதான். அப்புறம் சித்திரையிலிருந்து பார்த்தால் ஆள் நிற்பதே இல்லை. திருப்பத்தில் "நாலு" என்று குரல் சரியாக விழுகிறது. நான் கடைசி ஆளாக மயிலாத்தாள் கடைக்குப் போய்ச் சேரும்போது அந்தோணி எல்லாரோடும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "அந்தோணியைப் பாருங்கள். சர்க்கரைக்காரன். மேட்டை எப்படி ஏறுகிறான். வரதராஜன் கியர் சைக்கிள் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்." பாய் எழுந்து போய் முகம் கழுவினார். அந்தோணி வடையைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தான்.

மயிலாத்தாள் கடை தெரியுமல்லவா, சாளையூர் பிரிவில் இருக்கிறதே. ஆளுக்கு இரண்டு பருப்பு வடை, ஒரு டீ. சனிக்கிழமை சாயங்காலமே நான் போன் போட்டுப் பதினெட்டு வடை சொல்லிவிடுவேன். அவள் எங்களுக்கென்று தனியாகச் சுட்டு மூடி வைப்பாள்.

அந்த ஆனி ஞாயிறுக்கு வருகிறேன். காற்று அன்றைக்குப் பேய்க்காற்று. வாய்க்காலில் முந்தின வாரம்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள், கரை தொட்டுப் போகிறது. இதோ இந்தக் கல்பாலம் தாண்டி அந்தச் சோளக்காட்டுத் திருப்பம். முன்னால் போகிறவர்கள் எனக்குத் தெரிய மாட்டார்கள். "ஆள்" என்றேன். ஒண்ணு விழுந்தது. ரெண்டு விழுந்தது. மூணு. அப்புறம் இருமல். இருமல் என்றால் அப்படி இருமல். கந்தசாமி வாயில் பூச்சி போய்விட்டது. நாலும் விழவில்லை, அஞ்சும் விழவில்லை.

நான் முன்னே போய்ப் பார்த்தேன். கந்தசாமி குனிந்து துப்பிக்கொண்டிருக்கிறான். அந்தோணி இல்லை.

"அந்தோணி எங்கே?"

"வந்துருவாருங்க" என்றார் பாய்.

"பின்னால் நான்தானே வருகிறேன். என்னைத் தாண்டி எங்கிருந்து வருவான்?"

"அப்ப முன்னாடி போயிருப்பாருங்க" என்றார் வரதராஜன்.

"முன்னால் நீங்கள்தானே இருக்கிறீர்கள்?"

"காட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போயிருப்பாருங்ணா" என்றான் சின்னமுத்து.

"சைக்கிளோடா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "விடுங்க மாமா, போலாம்" என்கிறான் கந்தசாமி, கண்ணில் தண்ணீரோடு. கூட வந்த ஆளைக் காணவில்லை, போகலாம் என்கிறார்கள். இவர்களெல்லாம் மனிதர்களா என்று நினைத்தேன். பாலத்துக்குத் திரும்பி ஓடினேன். கரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, தேய்ந்த ரப்பர் செருப்பு. அது யாருடையதாகவும் இருக்கலாம். அந்தோணியுடையதாகவும் இருக்கலாம். தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. அந்தோணி, அந்தோணி என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் லூர்து மேரிக்குப் போன் போட்டேன். நான் இரண்டே செய்திதான் சொன்னேன் தம்பி. "அந்தோணியைக் காணவில்லை. வாய்க்காலில் தண்ணீர் போகிறது." இரண்டும் உண்மை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. பின்னாலேயே வந்து சேர்ந்தவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், நான் காது கொடுக்கவில்லை.

அந்த அம்மாள் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படியே மகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். கயிறும் நீச்சல் தெரிந்த ஆளும் கிடைக்குமா என்று கேட்க ஆட்டோவை மயிலாத்தாள் கடைக்கு விட்டோம். நாங்கள் எல்லாரும் ஆட்டோ பின்னாலேயே மிதித்துக்கொண்டு போனோம்.

பெஞ்சில் அந்தோணி உட்கார்ந்திருந்தான். கையில் டீ. பக்கத்தில் காகிதத்தில் தேன்மிட்டாய்.

பாலத்து மேட்டில் பால் வண்டி திரும்பும். அதில் சைக்கிளோடு ஏறிக்கொண்டு கடைப் பக்கம் போய் இறங்கிக்கொள்வான். சித்திரையிலிருந்து அப்படித்தான். அவனுக்குப் பதிலாக நாலு சொன்னது கந்தசாமி. மெல்லிசாக நாலு, தடிப்பாக அஞ்சு. எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இதை நான் அங்கே நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

லூர்து மேரி அழுகையை நிறுத்திவிட்டாள். "ஏனுங்க, செத்துட்டீங்கன்னு ஓடி வந்தனுங்க. நீங்க முட்டாயி திங்கறீங்க" என்றாள். சத்தமே போடவில்லை. மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். நான் அந்தோணியைத் திட்டவில்லை. ஒரு சுடுசொல் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மொத்தம் எத்தனை ஞாயிறு அந்தோணி?" அவன் தலையைத் தூக்கவில்லை. நான் மறுபடியும் கேட்டேன். கேட்டால்தானே தெரியும். ஆள் இருக்கிறான் என்று நம்பி எத்தனை நாள் தப்பாக எண்ணியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

"ராக்கியப்பன், போதுமுங்க" என்றார் சம்பந்தம் மாஸ்டர். அவர் பேசி நான் கேட்டதே அபூர்வம்.

அவன் சைக்கிளை ஆட்டோவின் பின்னால் கட்டினார்கள். அவனை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகள். சரி, நாங்களும் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது எண்ணுவதுதானே முறை? "ஆள்" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வரதராஜன் ஒண்ணு சொன்னார். பாய் ரெண்டு. மாஸ்டர் மூணு. அப்புறம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. ஆட்டோவுக்குள்ளிருந்து, ரொம்ப மெதுவாக, "நாலு" என்று கேட்டது.

அந்தோணிதான் சொன்னான். அவனுடைய குரலேதான், அதில் சந்தேகமில்லை.

ஐந்தாம் நம்பர் விழவில்லை. கந்தசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பின்னாலேயே ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். அன்றைக்குத் திரும்பும்போது பின்காற்று எப்படி இருந்தது தெரியுமா தம்பி? கூப்பிட்டுக்கொண்டு போவது போல. அதை அனுபவிக்க யாருக்கும் மனசில்லை.

பிடியுங்கள், இப்போது ஒட்டலாம். கட்டை விரலால் அழுத்துங்கள். இன்னும் அழுத்துங்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, புறப்படுகிற இடத்தில் நான் நின்றேன். ஒருவரும் வரவில்லை. போன் போட்டேன். வரதராஜனுக்கு முழங்கால். பாய்க்கு உறவில் ஒரு கல்யாணம். அண்ணன் தம்பிக்குத் தேங்காய் லோடு. பழனியப்பனுக்கு இடுப்பு. மாஸ்டர் போனை எடுக்கவில்லை. எட்டுப் பேரையும் ஒரே சமயத்தில் இப்படி ஒன்று மாற்றி ஒன்று பிடித்துக்கொண்டது பாருங்கள். வயசு அப்படி. எல்லாரும் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். கந்தசாமி மட்டும் போனில், "மாமா, நீங்களும் கொஞ்ச நாள் ஊட்ல இருங்க" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான்.

அந்தோணி கடைக்குப் போனேன். தைத்துக்கொண்டிருந்தான். "உனக்காகத்தானே தேடினேன்" என்றேன். "தெரியுமுங்ணா" என்றான். மிஷினை நிறுத்தவில்லை. "வா, நாம் இரண்டு பேர் மட்டும் போவோம். பால் வண்டியிலேயே வா, நான் எண்ண மாட்டேன்" என்று சொல்லலாமென்று போனேன். சொல்ல வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. "நூல் அறுந்திருக்கிறது பார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனாலும் சனிக்கிழமைதோறும் பதினெட்டு வடை சொல்லுவதை நிறுத்தவில்லை. யாராவது மனசு மாறி வந்து நின்றால் வடை இல்லை என்று ஆகக் கூடாதல்லவா? மீந்ததை மயிலாத்தாள் பஸ்ஸுக்கு வருபவர்களுக்கு விற்றுக்கொள்வாள். இன்றைக்கு ஒரு வேடிக்கை கேளுங்கள். போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறிக்கொண்டே, "பதனாறு போயிருச்சுங்க. உங்களுக்கு ரெண்டு எடுத்து வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"இருட்டோட ஒரு கூட்டம் வந்துச்சுங்க."

பெஞ்சில் எட்டு டம்ளர் கழுவாமல் இருந்தது. ஏழில் அடியில் சர்க்கரை ஒட்டியிருந்தது. ஒன்று வெறும் டிக்காஷன் கறையோடு சுத்தமாக இருந்தது. அவர்களிலும் ஒரு சர்க்கரைக்காரர் இருப்பார் போல. அவர் ஒழுங்காகப் பத்தியம் இருக்கிறார். நல்ல கூட்டமாகத்தான் இருக்க வேண்டும். வேறு ஏதோ ஊர்க்காரர்கள், பொள்ளாச்சிப் பக்கமாக இருக்கும். அவர்களுக்கு ஆள் எண்ண யாராவது இருக்கிறார்களோ என்னவோ.

நீங்கள் தார் ரோட்டுப் பக்கமிருந்துதானே வந்தீர்கள்? எதிரில் யாராவது சைக்கிளில் வந்தார்களா?

ஓ.

எத்தனை பேர்?

சரியாகப் பார்த்தீர்களா? ஒன்பது இல்லையே?

பேசிக்கொண்டு வந்தார்களா, சும்மா வந்தார்களா? சிரித்துக்கொண்டா? கிழக்கே பார்த்தா போனார்கள்? திரும்பும்போது எதிர்காற்றாயிற்றே. இல்லை, ஆவணியில் காற்று அவ்வளவாக இல்லை. கிழக்கே போகலாம். கிழக்கேயும் போகலாம்தான். அவர்களில் யாராவது பெல்லில் தாளம் போட்டார்களா? ரெண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி?

சரி. நிறைய பேர் அப்படி அடிப்பார்கள் தம்பி. பெல் இருந்தால் யாருக்கும் அடிக்கத் தோன்றும்.

காற்றை நானே அடிக்கிறேன், நீங்கள் அதிகமாக அடித்துவிடுவீர்கள். போதும். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சரியாக இருக்கிறது. கொஞ்ச தூரம் நானும் வரட்டுமா? இல்லை, உங்களுக்கு அவசரம், மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். தடத்திலேயே போங்கள், ஓரம் போகாதீர்கள்.

ஒரு நிமிஷம். இந்தப் பொட்டலத்தில் வடை இருக்கிறது. தனியாகத் தின்று பழக்கம் விட்டுப்போய்விட்டது, அதனால் கட்டி வாங்கி வந்தேன். ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நான் தின்கிறேன். வேண்டாமா? எண்ணெயா? சரி, சரி, வற்புறுத்தக் கூடாது. போய் வாருங்கள்.

பதினெட்டு சொன்னது. எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு, பதினாறு. கணக்கு சரியாக இருக்கிறது. மீதி இரண்டு.